சூடு ஆறாத தோல்

கண்ணாடித் தொழிற்சாலையில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். ஆள் பஞ்சு மாதிரி இருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வாயைத் திறந்தால் சூப்பர்வைசரே பேச்சை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார். கைக்குத்தான் அந்தப் பெயர். இரண்டு ஆள் உயர வளைவுக் கண்ணாடியை இயந்திரக் கையால் தூக்கிக்கொண்டுபோய், கூடத்தின் அந்தக் கோடியில் மரச்சட்டத்துக்குள் இறக்குவாள். இறங்கிய சத்தம் கேட்காது. நாலு வருஷத்தில் அவளிடம் ஒரு விளிம்பில்கூடச் சில்லு தெறித்ததில்லை.

கீழே நின்று சட்டத்துக்குள் கம்பளித் துண்டு செருகுகிறவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் உள்ளே நுழைந்தால் வெளியே போகும்வரை வாய் ஓயாது. "பஞ்சம்மா, கண்ணாடி வந்துடுச்சா? சத்தத்தையே காணோமே! நான் பாட்டுக்கு இன்னும் மேல பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்று தினமும் ஒரு தடவையாவது கத்துவார். மாடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் அவளை அவரால் பார்க்க முடியாது. சுவர்ப் பலகையில் ஏழு என்ற எண் எரிந்தால் அவள் ஓட்டுகிறாள் என்று அர்த்தம். ஏழு எரிந்தால் ரேடியோ சட்டத்தோடு ஒட்டி நின்று வேலை செய்வார். வேறு எண் எரிந்தால் நாலடி தள்ளித்தான் நிற்பார்.

இயந்திரத்தை ஓட்ட அங்கே லீவரும் கிடையாது, பொத்தானும் கிடையாது. தோலு என்று ஒன்று இருந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அது தோலு. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஒட்டிக்கொள்ளும் உறை. வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள் நெளிநெளியாக ஓடும்; மடக்கினாலும் இழுத்தாலும் அறாது. இங்கே அவள் விரலை மடக்கினால் அங்கே ஆறு ரப்பர் விரல்கள் மடங்கும். ரப்பர் விரல் கண்ணாடியை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அழுத்தம் அப்படியே இவள் விரல் நுனிக்குத் திரும்பி வரும். கண்ணாடி நழுவப் பார்த்தால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பு வந்ததும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும். தொழில் மொத்தமும் அதில்தான் இருந்தது.

இதில் ஒரு தொல்லை. தோலை மாட்டிக்கொண்டதும் ஓட்ட முடியாது. இன்றைக்கு இந்தக் கை எப்படி இருக்கிறது என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும். கையை மூடு, திற, பாதி மூடு, ரப்பர் பந்தைப் பிடி, விடு என்று இருபத்திரண்டு தினுசு. பன்னிரண்டு நிமிஷம். இதற்குக் கைப்பதிவு என்று பெயர். ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது கண்ணாடி இறக்கியாக வேண்டும் என்று கணக்கு வைத்த மகராசன் இந்தப் பன்னிரண்டு நிமிஷத்தை மறந்துவிட்டான். அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டான்.

அதனால் மாடியில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் ஆள் எழுந்திருக்கும்போது தன் பதிவை மூடாமலே தோலை உரித்துச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள் கையில் மாட்டிவிடுவார்கள். ஆள் மாறியது இயந்திரத்துக்குத் தெரியாது. நாலு மணிக்கு டீக்காக இயந்திரம் தானே நிற்கும்போது, டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு புது ஆள் தன் பதிவைப் போட்டுக்கொள்வான். அதுவரை பலகையில் பழைய ஆளின் எண்தான் எரியும். கை அளவு ஒத்துப்போகிறவர்களாகப் பார்த்து ஜோடி சேர்ந்திருந்தார்கள். பதினாறு இயந்திரம், பதினாறு ஜோடி. "சூப்பர்வைசர் நம்ம தோலை உரிக்கிறதுக்கு முன்னாடி நாமளே உரிச்சுக் குடுத்துடணும்" என்று சிரித்துக்கொள்வார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாதா? சரியாக இரண்டு மணிக்கு அவருக்கு வெளியே போய்ப் பேச வேண்டிய போன் ஒன்று வரும். வருஷக்கணக்காக ஒரு நாள்கூட அந்தப் போன் தவறியதில்லை.

சாயங்காலம்வரை கீழே நிற்கிறவர்களுக்கு மட்டும் இது தெரியாது; நாலு மணிவரை பழைய ஆளே ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டும் என்று மாடியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பஞ்சுக்கும் தோன்றவில்லை. அதைப் பின்னால் நினைத்து நினைத்துத் தன்னையே நொந்துகொண்டாள்.

அவளுக்கு ஜோடி அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. கம்பெனியில் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டதே பஞ்சுதான். நாத்தனாருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அவள் கணவன் வெளியூர் வேலையில். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, "எழுந்து வாடி, கையைக் காலை அசைச்சா மனசு கொஞ்சம் அடங்கும்" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் கையும் அளவெடுத்த மாதிரி ஒன்று. "அண்ணியும் நாத்தனாரும் ஒத்துப்போறத இந்தக் கம்பெனியிலதான்யா பாக்கறேன்" என்று பக்கத்து இயந்திரத்துக்காரர் கிண்டல் செய்வார்.

அன்றைக்கு இரண்டு மணிக்குத் தோலை உரித்து நாத்தனார் கையில் மாட்டும்போது சுண்டுவிரல் ஏறவில்லை. பவுடர் போட்டு இழுத்தார்கள்.

"என்னடி விரல் இப்படி வீங்கியிருக்கு? இறுக்குதா?"

"இல்ல அண்ணி, சரியாத்தான் இருக்கு. வெயிலு."

"உப்பைக் குறை. பதிவு போட்டுட்டு ஓட்டறியா?"

"போங்க அண்ணி, நேத்தே பதினேழு கண்ணாடி குறைஞ்சுது. பஸ் போயிடப் போகுது, கிளம்புங்க."

இவளும் கிளம்பிவிட்டாள். அதுதான் இவள் செய்த தப்பு. பார்த்தாள், கேட்டாள், விட்டுவிட்டாள்.

இரண்டு இருபதுக்கு உடை மாற்றும் அறையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் அதற்குமுன் தன் இயந்திரத்திலிருந்து கேட்டதே இல்லை. வீங்கிய விரலைத் தோல் இறுக்கிப் பிடித்ததில், கண்ணாடியைத்தான் அதிகமாக அழுத்துகிறோம் என்று நாத்தனார் நினைத்துவிட்டாள். உடைந்துவிடுமோ என்று பயந்து பிடியைத் தளர்த்தினாள். நழுவும் குறுகுறுப்பு மரத்துப்போன விரலுக்கு ஏறவில்லை. சட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்தில் கண்ணாடி வழுக்கி, கீழ் விளிம்பு ரேடியோவின் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் கம்பளித் துண்டு அப்படியே இருந்தது. பலகையில் ஏழு எரிந்துகொண்டிருந்தது.

நாத்தனாரைக் கழிப்பறையில் கண்டுபிடித்தாள். தோலைக் கிழித்த மாதிரி பிய்த்து எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி... எனக்கு மூணு மாசம்."

"என்னடி சொல்ற?"

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல. நம்பிக்கையும் இல்ல அண்ணி. எட்டு வருஷம் கழிச்சு... நின்னாத்தான் நிஜம்னு இருந்தேன்."

கம்பெனி விதி அப்படித்தான். பிள்ளை உண்டானால் அன்றைக்கே தோலைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்ப எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம். இப்போது இதற்கு மேல் ஒரு மனிதனின் கால் வேறு. பஞ்சு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமியார் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். விசாரணை மறுநாள் பதினொரு மணிக்கு. பஞ்சுவின் கணவன்தான் பேசினான். நிதானமாக, ஏற்கெனவே யோசித்து வைத்தவன் மாதிரி பேசினான்.

"பதிவுல உன் நம்பர்தானே இருக்கு? நான்தான்னு நீ சொன்னா நீ ஒருத்தி போவ. அவதான்னு சொன்னா அவளும் போவா, தோலை மாத்திக் குடுத்ததுக்கு நீயும் போவ. பதினாறு ஜோடியும் போகும். எப்படிப் பாத்தாலும் நீ போறது போறதுதான். அவளை எதுக்கு இழுக்கணும்?"

"எப்படிப் பாத்தாலும் நான் போறதுதானா? நல்லாருக்குங்க."

"கோவப்படாம யோசி. வயித்துல புள்ளையோட அவ போலீசு, விசாரணைன்னு அலைய முடியுமா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் காலம் பூராவும் உன் மனசுதான் உன்ன அறுக்கும்."

நாத்தனார் எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை பொறக்கட்டும் அண்ணி. பொறந்த மறுநாளே நானே கைப்பட எழுதிக் குடுத்துடறேன். இந்தக் கை தப்பே பண்ணலன்னு எழுதிக் குடுத்துடறேன். என் குழந்தை மேல சத்தியம்."

"பொறக்காத புள்ள மேல சத்தியம் பண்ணாதடி" என்று பஞ்சு அவள் வாயைப் பொத்தினாள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஒப்புக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்சுடும்" என்றான் கணவன்.

மறுநாள் விசாரணை அறையில் சூப்பர்வைசரும், தோலு செய்கிற இடத்திலிருந்து வந்த இன்ஜினியரும் இருந்தார்கள். இன்ஜினியர் இளைஞன். வேலையில் அக்கறை உள்ளவன் என்று பார்த்தாலே தெரிந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று.

"ரெண்டு இருபதுக்கு ஓட்டினது ஏழாம் நம்பர். நீங்கதானே?"

"நான்தான் சார்."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இது உங்க பழைய பதிவும்மா. நாலு வருஷம். கோடு எவ்வளவு சீராப் போகுது பாருங்க. எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் காட்டுவோம். இது அன்னைக்கு. இது உங்க கை மாதிரியே இல்லையே. இந்தக் கை பயந்து பயந்து பிடிக்குது."

நாலு வருஷமாகத் தன் கையை இப்படி ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் ஒருத்தர் பேசாததை இவன் பேசுகிறான். இவனிடம்தான் தன் கையைத் தானே குற்றம் சொல்ல வேண்டும்.

"களைப்பா இருந்துச்சு சார்."

"ஷிப்ட் முடிஞ்சும் ஏன் ஓட்டினீங்க?"

"எண்ணிக்கை வரல சார்."

"உங்களுக்கா?"

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். "அவங்களே ஒத்துக்கறாங்க சார். நமக்கு வேற வேலை இருக்கு." அன்றைக்கு மட்டும் அவருக்குப் போன் எதுவும் வரவில்லை.

இன்ஜினியர் விடவில்லை. கேமராவைப் பார்க்கலாமா என்று கேட்டான். கேமரா கண்ணாடியைப் பார்க்கத்தான் வைத்திருக்கிறது, ஆளைப் பார்க்க அல்ல என்றார் சூப்பர்வைசர். அவன் குனிந்து ‘களைப்பு’ என்று எழுதினான்.

அவளுடைய கை அனுமதியை ரத்து செய்தார்கள். அந்த ஊரில் மட்டும் இல்லை; எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் போய்த் தோலை மாட்டினாலும், இந்தக் கை என்று கண்டுகொண்டு சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். முகத்தை மாற்றிக்கொண்டாலும் போகலாம், கையை எங்கே போய் மாற்றுவது?

ரேடியோவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனாள். கணுக்கால் நரம்பு அறுந்துபோய், குதிகாலைத் தூக்கி நடக்க வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி ‘வா’ என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ரேடியோ நாற்காலியில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று பஞ்சு எதிர்பார்க்கவில்லை.

"உன்னத் திட்டணும்னு இல்லம்மா" என்றார் கடைசியில். "வேற நம்பரா இருந்தா நாலடி தள்ளி நின்னுருப்பேன். ஏழுன்னு இருந்துச்சு. உன் கைய நம்பித்தான் ஒட்டி நின்னேன்."

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நாத்தனாரின் வயிறு நினைவுக்கு வந்தது. "மன்னிச்சுடுங்கண்ணே" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, போய்த் தொலை என்றாரா தெரியவில்லை. வெளியே வந்து அவர் வீட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அதற்குப் பிறகு பஞ்சு என்ற பெயர் போய்விட்டது. சில்லு என்று ஆயிற்று. தொழிற்சாலை வாசலில் யாரோ ஆரம்பித்து வைத்தது, தெருவரைக்கும் வந்துவிட்டது. அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் மேற்பார்வைப் பெண், "நீதானே அந்தக் கண்ணாடிக் கேசு? உடையற சாமான் பக்கம் போகாத" என்று மூலையில் உட்கார வைத்தாள். பெட்டி மடிக்கும்போது விரல் நுனி சில சமயம் தானாகக் குறுகுறுக்கும். தோலே இல்லாத விரலுக்கு என்ன குறுகுறுப்பு என்று முந்தானையில் தேய்த்துக்கொள்வாள்.

நாத்தனார் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சூப்பர்வைசர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டாராம். ஏன் போட மாட்டார்? பஞ்சு பெட்டி மடித்துவிட்டு வந்து சமைத்து, நாத்தனாருக்கு வெந்நீர் வைத்து, துணி துவைத்து, கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். மாமியார் இதைப் பார்த்து, "பாவம், மனுசன் காலை வாங்கின பாவத்தைக் கழுவறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். பஞ்சுவின் காதுக்கும் வந்தது. சிரிப்புத்தான் வந்தது. இன்னும் நாலு மாசம், இன்னும் மூணு மாசம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணியைவிட அதிகமாக அந்தப் பிரசவத்துக்கு நாள் பார்த்தவள் அவள்தான். குழந்தை பிறக்கும், கடிதம் போகும், சிவப்பு விளக்கு அணையும். ரேடியோ வீட்டுக்கு இன்னொரு தடவை போகலாம். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்க விட்டார்கள். மறுநாள் நாத்தனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கடுதாசி... எழுதிடலாமாடி?"

நாத்தனார் போர்வையைச் சரி செய்துகொண்டாள். "இப்பவா அண்ணி? தையல்கூடப் பிரிக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "சூப்பர்வைசர் நேத்து போன் பண்ணாரு. மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாரு. உங்க காலை ஷிப்டையே தர்றாராம். குழந்தை இருக்கே அண்ணி, இனிமே நான் சம்பாதிச்சாத்தானே" என்றாள்.

"அப்ப நான்?"

"நீங்கதான் இந்த வேலைக்குப் பழகிட்டீங்களே" என்றாள் நாத்தனார். பெட்டி மடிக்கும் வேலையைச் சொல்கிறாள் என்று தெரிய இவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அசதியில் பேசுகிறாள், வீட்டுக்கு வரட்டும் என்று பஞ்சு தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு வண்டி வந்து நின்றது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அறையைக் கழுவி, பழைய சேலையைத் துவைத்து நாலாக மடித்து விரித்து வைத்திருந்தாள். மாமியார் குழந்தையை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். பஞ்சுவின் பன்னிரண்டு வயது மகள் முதலில் ஓடினாள். மாமியார் அவள் கையில் கொடுத்தாள். சின்னப் பெண், நின்ற வாக்கில் வாங்கிக்கொண்டு, மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்தது பஞ்சு கையை நீட்டினாள்.

மாமியார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ இரு. கீழ உக்காந்து வாங்கிக்க."

"ஏன் அத்தை?"

"ஏன்னா? உன் கை சங்கதி ஊருக்கே தெரியும். எட்டு வருஷம் கழிச்சு வந்த புள்ள. கண்ணாடி போனா கம்பெனியோட போச்சு."

பஞ்சு நாத்தனாரைப் பார்த்தாள். மாமியார் தெரியாமல் பேசுகிறாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தார்கள். கணவன் வண்டியிலிருந்து பைகளை எடுத்துவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. ஒரு தாயின் கவலைதான் இருந்தது. ஆறு மாசமாக ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவளே நம்பிவிட்டாளோ என்னவோ.

"அம்மா சொல்றது சரிதான் அண்ணி. உக்காந்துக்கோங்களேன். எதுக்கு வம்பு?"

பஞ்சு கட்டில் பக்கம் ஓரடி வைத்தாள். "எதுக்கு வம்பா? யாரு கையிலடி நழுவுச்சு? சொல்லு. உங்கம்மா முன்னாடி சொல்லு, யாரு கை..."

"மெதுவாப் பேசு" என்றான் கணவன். "குழந்தை தூங்குது."

குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டு, உலகத்தில் ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் தூங்கியது. மகள் ஒன்றும் புரியாமல் அம்மாவையே பார்த்தாள். அம்மா கோபப்பட்டு ஏதாவது செய்துவிடுவாளோ என்று அவளும் பயப்படுகிற மாதிரி இருந்தது. பஞ்சு வாயை மூடிக்கொண்டாள். மகளின் பயத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். மாமியார் சொன்னதற்காக இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மாமியார் குனிந்து குழந்தையை அவள் கைகளில் வைத்தாள். கழுத்துக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை என்று பஞ்சு வாங்கிக்கொண்டாள். பதினைந்தடி தூரத்துக் கண்ணாடியின் ஒரு சின்ன அசைவுகூடத் தெரிந்துகொண்டிருந்த விரல்கள் காத்திருந்தன. மாமியார் தன் கையைக் கீழேயிருந்து எடுக்கவில்லை. குழந்தையின் கனம் பஞ்சுவின் கைக்கு வந்து சேரவே இல்லை.